அத்தை பெயரைச் சேர்த்தால் கணினி படுத்துவிடுகிறது

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில், இடப்பக்கம் பிளாஸ்டிக் வாளி செய்கிறார்கள், வலப்பக்கம் அட்டைப்பெட்டி மடிக்கிறார்கள், நடுவில் ஒரு தகரக் கொட்டகையில் நாங்கள் தராசு செய்கிறோம். மளிகைக் கடையில் சிவப்பு எண்கள் மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அந்த எலக்ட்ரானிக் தராசு. அரிசி மூட்டை ஏற்றுகிற மேடைத் தராசும் உண்டு. நாங்கள் என்றால், திருகு முடுக்கும் பெண்களைத் தவிர்த்து, மூன்றரைப் பேர். முதலாளி என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். தராசுக்குள் இருக்கும் சிப் என்கிற சில்லுக்கு நிரல் எழுதுவது என் மனைவி. முடிந்த தராசு ஒவ்வொன்றிலும் எடைக்கல்லை வைத்துப் பார்த்து, போகலாம், போகக்கூடாது என்று தீர்ப்புச் சொல்வது அவர்களுடைய அத்தை. முறைப்படி எனக்கு அவர் சின்னம்மா. கொட்டகையே அத்தை அத்தை என்று கூப்பிடுவதால் நானும் அதிலேயே கலந்துவிட்டேன்.

மீதி அரை ஆள் நான். கவிதை எழுதுகிறவனுக்குத் தராசுக் கொட்டகையில் என்ன வேலை என்று கேட்பார்கள். "தராசின் மேல் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள்" என்ற ஸ்டிக்கரை நீங்கள் எங்காவது பார்த்திருந்தால், அது என் எழுத்து. மறுபதிப்பு கண்ட என் ஒரே எழுத்தும் அதுதான்.

அத்தைக்கு அறுபது தாண்டிவிட்டது. பஞ்சாலை மூடுகிற வரைக்கும் அங்கே நூல் பார்த்தவர். இயந்திரச் சத்தத்தில் ஊறிய காது, அதனால் ரகசியத்தைக்கூட அடுத்த கொட்டகைக்குக் கேட்கும்படிதான் சொல்வார். கணவர் இளம் வயதிலேயே போய்விட்டார். உழவர்கரையிலிருந்து தினம் காலையில் மொபெட்டில் வந்து இறங்குவார். பத்து கிலோ கல்லை ஒற்றைக் கையில் தூக்கித் தட்டில் வைக்கும்போது, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இடுகிற மென்மை அந்தக் கையில் வந்துவிடும். ஐந்து கிராம் பிசகினாலும் "இது போவாது, எடுத்து வை" என்பார். மச்சான் முதலாளிதான், ஆனாலும் அந்தச் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

இனி, பெயர் வைத்த கதை.

எங்கள் தராசைக் கடைக்காரர்கள் யூஎஸ்பி கம்பி போட்டுக் கணினியில் செருகிக்கொள்வார்கள், எடை தானாகவே பில்லில் ஏறும். செருகியதும் கணினி தராசைப் பார்த்து முதலில் கேட்கிற கேள்வி, நீ யார் என்பது. தராசு தன் பெயரைச் சொல்லும். சொல்வதற்கென்று சில்லுக்குள் சின்னதாக ஓர் இடம் இருக்கிறது. இப்படி ஓர் இடம் இருப்பது ஒருநாள் மச்சானுக்குத் தெரிந்துவிட்டது. லாரி நெற்றியில், கல்யாணப் பத்திரிகையின் மேல்விளிம்பில், வீட்டு நிலைப்படிக்கு மேலே என்று எழுத இடம் கண்ட எல்லாவற்றிலும் எழுதிப் பழகிய வம்சம் அது. ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது என்றால் அவருக்குச் சோறு இறங்காது.

"இப்ப அதுல இன்னா எழுதியிருக்க?"

"வெயிங் ஸ்கேல்னு இருக்குண்ணா."

"வெறும் வெயிங் ஸ்கேலா? பெத்த புள்ளைக்குப் புள்ளைன்னா பேரு வெப்பாங்க?"

"அதை ஒருத்தரும் பாக்கப் போறதில்ல. கம்ப்யூட்டர் கேக்கும், தராசு சொல்லும், முடிஞ்சிது."

"சாமி பாக்கும்ல."

இதற்கு மேல் என் மனைவி வாதாடவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். நூற்றிருபத்தாறு எழுத்துக்கு மேல் போகக்கூடாது, அது யூஎஸ்பி சட்டம். அதிலும் தமிழில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்தாகவே எண்ணப்படும். "நீங்கதான எழுத்தாளரு, எழுதிக் குடுங்க" என்று வேலை என் தலையில் விழுந்தது.

ஒரு குடும்பத்தை நூற்றிருபத்தாறு எழுத்துக்குள் உட்கார வைப்பது ஷேர் ஆட்டோவில் கல்யாணக் கூட்டத்தை ஏற்றுவதுபோல. முதலில் குலதெய்வம் துணை. அடுத்து மறைந்த மாமனார், மாமியார் ஆசியுடன். பிறகு சித்தப்பா. என் மனைவிக்குச் சித்தப்பா, எனக்கு மாமா, அத்தைக்குத் தம்பி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம். விவாதத்தை முடிக்க வேண்டிய இடத்தில் ஒரு பிரெஞ்சுச் சொல்லை வைத்து அடைத்துவிடுவார், எதிராளி அதைத் தாண்டி வர முடியாது. "வெறும் பேரைப் போடாதீங்க மாப்ள, பின்னாடி பிரெஞ்சுப் படைன்னு சேத்துப் போடுங்க. வுவாலா" என்றார் போனில். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது என்று அர்த்தம். படையையும் சேர்த்தேன்.

எண்ணிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. நான் யாரையும் கேட்காமல் அத்தையின் பெயரைக் கடைசியில் வைத்தேன். ஒவ்வொரு தராசையும் கையால் தொட்டு அனுப்புகிறவர் அவர்தானே என்று தோன்றியது, வேறு காரணம் இல்லை. மச்சான் "நல்லதாப் போச்சு" என்றார். சித்தப்பாதான் போனில், "நல்ல காரியத்துல அக்கா பேரு எதுக்கு மாப்ள" என்று இழுத்தார். தாலி இழந்தவர் என்பதை வாயால் சொல்லாமல் சொல்கிற இழுப்பு. நான் "அலோ, அலோ, கேக்கல மாமா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அத்தையிடம் சொன்னபோது கையில் இருந்த கல்லைக் கீழே வைத்தார்.

"எம் பேரா? தராசுக்குள்ளயா?"

"ஆமா அத்தை."

"எந்தப் பக்கம் இருக்கும்?"

சில்லு இருக்கும் மூலையைக் காட்டினேன். சேலைத் தலைப்பால் அந்த இடத்தை ஒருமுறை துடைத்தார். அன்று சாயங்காலத்துக்குள் உழவர்கரையில் அவர் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும், மீன் கொண்டுவரும் அம்மாளுக்கும், மொபெட்டுக்குக் காற்று அடிப்பவருக்கும் செய்தி போய்விட்டது. கல்யாணப் பத்திரிகை எதிலும் பெயர் வராத பெண்ணின் பெயர், கணினி கேட்டால் தராசு சொல்லும் பெயராகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பூசை போட்டோம். புதுப் பெயர் ஏற்றிய தராசுக்கு மூன்று பட்டை, நடுவில் குங்குமம், எலுமிச்சம்பழம். சித்தப்பா இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் வந்து நடுநாயகமாக நின்றார். கற்பூரம் காட்டிவிட்டு மச்சான் கம்பியைக் கணினியில் செருகினார்.

கணினி படுத்துவிட்டது.

தயங்குவது, திணறுவது எதுவும் இல்லை. கம்பி நுழைந்த கணத்திலேயே திரை கறுத்து, மின்விசிறி மூச்சை நிறுத்தி, திருஷ்டிப் பூசணிக்காய்போல மேசை மேல் உட்கார்ந்துவிட்டது. மறுபடி எழுப்பினோம், செருகினோம், படுத்தது. பக்கத்து வாளிக் கொட்டகையில் இருந்து இன்னொரு கணினியைத் தூக்கி வந்தோம். அதிலும் அதே இயங்குதளம்தான். அதுவும் படுத்தது. அவர்கள் தங்கள் கணினியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

"நேத்து வரைக்கும் ஓடுச்சு. மாத்தினது பேரை மட்டும்தான்" என்றாள் என் மனைவி. "கொஞ்சம் குறைச்சுப் பாக்கறேன்." குறைக்கிறவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள், வால்பக்கமிருந்து வெட்டினாள். வாலில் இருந்தது அத்தை. வெட்டிவிட்டுச் செருகினாள். கணினி ஒன்றும் நடக்காததுபோல எடையைக் காட்டிக்கொண்டு நின்றது.

முதலில் பேசினவர் சித்தப்பா.

"நான் அன்னைக்கே மாப்ளகிட்ட சொன்னேன். அக்கா பேரு வேணாம்னு."

"சித்தப்பா, இது நிரல் சமாச்சாரம்" என்றாள் என் மனைவி.

"அவங்க பேரு இருந்தா படுக்குது, எடுத்தா ஓடுது. இதுக்கு மேல இன்னாம்மா வேணும் உனக்கு? வுவாலா."

அத்தை கையில் இருந்த தேங்காய் மூடியைத் தட்டில் வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். மொபெட் கிளம்பும் சத்தம் கேட்டது. அவருக்குப் போட்ட பொங்கல் அப்படியே இருந்தது.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எடை பார்க்கிற வேலையை மச்சான் எடுத்துக்கொண்டு, முதல் நாளே தான் ஏறி நின்று பார்த்து, இரண்டு கிலோ கூடக் காட்டுகிறது என்று தராசோடு சண்டை போட்டார். தராசு சரியாகத்தான் இருந்தது. நான் அத்தைக்குப் போன் செய்தேன். "பேரை எடுத்தாச்சில்ல, ஓடுதில்ல, ஓட்டுங்க" என்று வைத்துவிட்டார். பெயரைச் சேர்த்தவனும் நான், கொண்டுபோய்க் கடைசியில் வைத்தவனும் நான். எனக்கு இட்லி இறங்கவில்லை.

என் மனைவிக்கும் இறங்கவில்லை, ஆனால் அவளுடைய பசியின்மை வேறு சாதி. இரண்டு நாளாக அந்த இயங்குதளத்தின் நிரலைத் திறந்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று திறந்து போட்டிருக்கிற இயங்குதளம் அது. அதில் தராசு மாதிரிப் பொருள்களிடம் பேசுவதற்கென்றே ஒரு நிரல் துண்டு, டிரைவர் என்பார்கள். மூன்றாம் நாள் காலை, சட்னியில் விரலை நட்டுக்கொண்டே சொன்னாள்:

"நோணாங்குப்பம் படகுத்துறை ஞாபகம் இருக்கா? அது மாதிரி ஒரு படகு. எரநூத்தி அம்பத்தாறு சீட்டு. பேருல எத்தனை எழுத்து வந்தாலும் நூத்தி இருபத்தாறுக்கு மேல வராது, அப்ப எடம் தாராளம்தானன்னு நெனச்சிட்டு, ஏத்தும்போது எண்ணவே இல்ல இந்த டிரைவரை எழுதின ஆளு."

"சரியாத்தான நெனச்சிருக்காரு?"

"இங்கிலீஷ் எழுத்து ஒல்லி. ஒரு சீட்டுல ஒண்ணு குந்திக்கும். நம்ம எழுத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் மூணு சீட்டு வேணும்."

"சம்மணம் போட்டு."

"சம்மணம் போட்டு. நூறு பேரு ஏறினா முந்நூறு சீட்டு. எடம் தீந்தப்பறமும் ஏத்திக்கிட்டே இருக்கான். கடைசியா ஏறினவங்க எங்க போய்க் குந்துவாங்க?"

"படகோட்டி மடியில."

"படகு கவுந்துடும்" என்றாள். "அத்தை கடைசியா ஏறினாங்க. அவ்ளோதான் அவங்க பண்ணின தப்பு."

அன்று பத்து மணிக்கு ஒரு தராசு, ஒரு கணினி, மச்சான், வலுக்கட்டாயமாக ஏற்றப்பட்ட சித்தப்பா, எல்லோரும் என் காரில் அடைந்து அத்தை வீட்டு வாசலில் போய் இறங்கினோம். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். படகுக் கதையை என் மனைவி மறுபடி சொன்னாள். அத்தை முழுதும் கேட்டார். ஆலையில் முப்பது வருடம் நூல் பார்த்தவரின் முகம் அது, கதையை நம்பாது, நூல் சுற்றிய பாபினை மாற்றி மாட்டிப் பார்த்தால்தான் நம்பும்.

"என்னை முதல்ல போடு" என்றார். "இவனைக் கடைசியில போடு."

சித்தப்பா கடைசிக்குப் போனார். கணினி படுத்தது.

"ஏண்டா தம்பி, உம் பேரும் ஆவாது போல இருக்கே."

"அது அக்கா, எம் பேரு நீளம். படைன்னு வேற இருக்கு."

"எம் பேரு மட்டும் குட்டை. அதுக்கு ஆவலன்னா தோசம், உன்னுதுக்கு ஆவலன்னா நீளமா?"

சித்தப்பா பிரெஞ்சில் ஏதோ தேடினார், அகப்படவில்லை. மாமனாரும் மாமியாரும் கடைசிக்குப் போனார்கள். படுத்தது. மச்சான் கண்ணை மூடி இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். மிச்சம் இருந்தது குலதெய்வம்.

"அதெல்லாம் வேணாம்" என்றார் மச்சான்.

"சாமியைச் சோதிக்கக் கூடாது அக்கா" என்றார் சித்தப்பா.

"என்னைச் சோதிக்கலாம்" என்றார் அத்தை. "போடு புள்ள."

என் மனைவி தெய்வத்தின் பெயரைக் கடைசியில் வைத்தாள். மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார். கம்பி உள்ளே போனது. குலதெய்வமான அம்மனுக்காகவே நான் வேண்டிக்கொண்டேன், அவள் சார்பில் நான் செய்த முதல் வேண்டுதல் அதுவாகத்தான் இருக்கும். திரை கறுத்தது. மின்விசிறி நின்றது. தெருவில் கோலமாவு விற்பவரின் குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"அப்ப சாமிக்கும் ஆவாது" என்று சொல்லிவிட்டு அத்தை கீரைக்கட்டை எடுத்தார்.

அதற்குப் பிறகு என் மனைவி எல்லோரையும் இறக்கிவிட்டு வெறும் 'அ' ஆக அடுக்கிப் பார்த்தாள். எண்பத்தைந்து 'அ' வரை ஓடியது. எண்பத்தாறாவதில் படுத்தது. சித்தப்பா அதை இரண்டு முறை செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு, காரில் போய் முன்னாடியே உட்கார்ந்துகொண்டார்.

இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. என் மனைவி அந்த இயங்குதளத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு எழுதினாள், கண்காணாத தேசத்தில் இருந்து மூன்றே நாளில் பதில் வந்தது. நன்றி, ஓட்டை உண்மைதான், அடைக்கிற வரை தயவுசெய்து வெளியே யாரிடமும் சொல்ல வேண்டாம். ஏன் என்று அவள் விளக்கினாள். நம் குடும்பம் தெரியாமல் படகோட்டி மடியில் விழுந்தது. தெரிந்தே விழுகிற ஒருவன், விரல் நீளத்துக்கு ஏதோ ஒரு பொருளைச் செய்து, எவருடைய கணினியிலாவது செருகி, மடியில் உட்கார்ந்தபடியே சுக்கானைப் பிடித்துக்கொண்டுவிடலாம். அப்புறம் படகு அவன் சொல்கிற இடத்துக்குத்தான் போகும்.

அத்தை இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நான் எப்படி வெளிய சொல்றது?" என்றார்.

அதுதான் சிக்கல். அவர் பெயருக்குக் கணினி படுக்கிறது என்பது ஊர் முழுக்கத் தெரியும், சித்தப்பா அந்த வெள்ளிக்கிழமையே தெருத்தெருவாகச் சொல்லி முடித்திருந்தார். படுத்ததற்கு அவர் காரணம் இல்லை என்பது எங்கள் ஐந்து பேருக்கு மட்டும் தெரியும், அதைச் சொல்லக் கூடாது.

"சரி" என்றார் அத்தை. "ஊருக்குத் தெரியற அன்னைக்கு வரேன் கொட்டகைக்கு. அது வரைக்கும் உன் அண்ணங்காரனையே எடை போடச் சொல்லு."

பல வாரங்கள் ஆயின. அடுத்த கொட்டகைக்குக் கேட்கிற குரல் படைத்தவர் ஒரு ரகசியத்தை வாயில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். கொதிக்கிற காபியை விழுங்காமல் வைத்திருப்பவர் மாதிரி இருந்தார். மீன் கொண்டுவரும் அம்மாள் ஒருநாள், "உம் பேரைச் சொன்னா கம்ப்யூட்டரு செத்துப்பூடுதாமே, நெசமா?" என்று கேட்டார். "ஆமா. உம் பேரையும் குடு, சேத்துப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு ஒரு கிலோ சங்கரா வாங்கினார். வேறு ஒரு வார்த்தை விடவில்லை. குடும்பத்திலேயே அந்த ரகசியத்தைக் கட்டிக் காத்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். மச்சான் கிட்டத்தட்ட ஒரு பல் வைத்தியரிடம் சொல்லப் போனார், வாயில் பஞ்சு இருந்ததால் தப்பித்தோம்.

பிறகு ஒரு காலை அறிவிப்பு வந்தது. ஓட்டையை அடைத்துவிட்டார்கள், இனி ஏற்றுவதற்கு முன்பு எண்ணிப் பார்ப்பார்கள். விவரம் உலகம் முழுக்கப் படிக்கிற பக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. நாங்கள் இருவரும் அதை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனோம்.

"எம் பேரு இருக்கா அதுல?"

"இல்ல அத்தை. பேரு எதுவும் இல்ல. நீளம்தான் காரணம்னு இருக்கு."

"அதான் வேணும். அதைத் தமிழ்ல எழுதிக் குடுங்க மாப்ள, பத்து காப்பி."

எழுதினேன். கையெழுத்துப் படியைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு முதல் வரியைப் படித்தார். "கரை அறியாப் பெருக்கென எழுத்துகள் வழிந்து" என்று தொடங்கியிருந்தேன்.

"இன்னா மாப்ள இது, பதினாறாம் நாள் காரியத்துக்கு அடிச்ச நோட்டீசு மாதிரி இருக்கு. பேரு நீளமா இருந்தா படுக்கும், யாரு பேரா இருந்தாலும் படுக்கும்னு எழுதுங்க."

அப்படியே எழுதினேன். என் எழுத்தை ஒருவர் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, நின்று, படித்து முடிக்கிற வரை காத்திருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். மொபெட்டுக்குக் காற்று அடிப்பவர் அதைக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

மறுநாள் காலை எட்டரைக்கு மொபெட் கொட்டகை வாசலில் நின்றது. அத்தை உள்ளே வந்து, இத்தனை வாரம் மச்சான் பார்த்து அடுக்கிய தராசுகளை ஒரு பார்வை பார்த்து, "எல்லாத்தையும் எறக்கு" என்றார். திருகு முடுக்கும் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இறக்கினார்கள்.

பதினோரு மணிக்குச் சித்தப்பா வந்தார். இஸ்திரிச் சட்டை. கையில் ஒரு பை ஆப்பிள். நேராக அக்காவின் எதிரில் போய் நின்றார்.

"பர்தோன்" என்றார்.

"எனக்கு அந்த பாஷை தெரியாது. தமிழ்ல சொல்லு."

சித்தப்பாவின் உதடு அசைந்தது. எத்தனையோ நாட்டில் எத்தனையோ பாஷையில் உத்தரவு கேட்டவருக்கு, மன்னிப்பு என்கிற அந்த ஒரு தமிழ்ச் சொல் வரவே இல்லை. ஆப்பிள் பையை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார்.

"வரலையா? சரி, பையைக் கீழ வை. மேடைத் தராசுல ஏறு."

"எதுக்குக்கா?"

"நாலு மூலையிலயும் ஒரே எடை காட்டுதான்னு பாக்கணும். பெரிய கல்லைத் தூக்கித் தூக்கி வெக்க எனக்கு வயசாயிடுச்சு. நீ நின்னா போதும்."

சித்தப்பா ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். ஒரு மூலையில் நின்றார். அத்தை எண்ணைப் பார்த்து, தன் ஆலைக் குரலில், வாளிக் கொட்டகைக்கும் அட்டைப்பெட்டிக் கொட்டகைக்கும் சேர்த்து அவருடைய எடையை வாசித்தார். "தொண்ணூத்தி நாலு கிலோ எரநூறு." என் மனைவி குறித்துக்கொண்டாள். "அடுத்த மூலை." அவர் நகர்ந்தார். மறுபடி அதே தொண்ணூற்று நான்கு, அதே குரல், அதே இரண்டு கொட்டகைகள். நான்கு மூலையும் முடிந்ததும் சித்தப்பா இறங்கக் காலை வைத்தார்.

"எங்க போற? அடுத்த தராசு" என்றார் அத்தை. "இன்னும் பதினொண்ணு இருக்கு."